கேட்காத பசி

இரக்கம் நம் கண்ணில் பிறக்கிறதா, புத்தியில் பிறக்கிறதா? கண்ணில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. அடிபட்ட நாய் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது, மனம் இளகிவிடுகிறது. பால் கறக்கும் வேளையில் கட்டிப்போட்ட கன்று கத்துகிறது. கறப்பவன் கையே ஒரு கணம் தயங்குகிறது. முகமும் குரலும் உள்ள பிராணியிடம் இரக்கப்பட நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் இவை இரண்டும் இல்லாத ஓர் உயிர் நம் பொறுப்பில் வந்து சேர்ந்தால் என்ன செய்வோம்? அதன் தேவையை எதைக் கொண்டு அறிவோம்? அறியாமல் விட்டால் அது குற்றமா, இல்லையா?

கிண்டியில் இருப்பவர்களுக்குப் பிராணிகளைப் பற்றி நினைக்காமல் இருப்பது கஷ்டம். நகரத்துக்கு நடுவே ஏறக்குறைய இரண்டே முக்கால் சதுர கிலோமீட்டர் காடு. 1978இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. உள்ளே புள்ளிமானும் வெளிமானும் திரிகின்றன. பக்கத்தில் சிறுவர் பூங்கா. அதை அடுத்து, 1972 முதல், பாம்புப் பண்ணை. வேளச்சேரி செல்லும் வழியில் புளூ கிராஸ். வேலி தாண்டி வந்த மான் ஒன்று சாலையில் அடிபட்டுக் கிடந்தால், ஆபீசுக்கு நேரமாகிறது என்று பறந்துகொண்டிருப்பவர்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்குகிறார். மானின் கண் அப்படி. பாம்புக்கு மானின் கண் இல்லை. ஆனாலும் கண்ணாடிக்கு அப்பால் அது தலையைத் தூக்கினால் ஜனங்கள் ஓரடி பின்னால் நகர்கிறார்கள். பயமும் ஒருவகை மரியாதைதான். இரக்கமும் வராமல் பயமும் வராமல், 'அழகாக இருக்கிறதே' என்ற ஒரே வார்த்தையோடு நாம் கடந்துபோய்விடுகிற பிராணி ஒன்று உண்டு. அது நட்சத்திர மீன்.

இதே கிண்டியில் என் சிநேகிதர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் ஒரு சமுத்திரம் வைத்திருக்கிறார். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், கண்ணாடித் தொட்டி. இருநூற்றைம்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கடல் ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பால் பெசன்ட் நகரில் இருக்கிறது. அங்கிருந்து குடம் குடமாகக் கொண்டுவரவா முடியும்? லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் வீதம் ஏறக்குறைய ஒன்பது கிலோ உப்பைச் சுத்திகரித்த தண்ணீரில் கரைத்துத் தாமே கடல் செய்துகொண்டார். சமையல் உப்பு அல்ல. கடல்நீரிலுள்ள மற்றத் தாதுக்களும் சேர்ந்த உப்பு.

கடல் செய்தவுடன் அதில் யாரையும் குடிவைத்துவிட முடியாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது விஷம். ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன, அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகின்றன. அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகி நிலைக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை என் சிநேகிதர் தினம் மாலை நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பொறுமைசாலி. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது என்பதனால் தினமும் அளந்து நல்ல தண்ணீர் விடுவார். மே மாதத்து வெயிலுக்குத் தண்ணீரைக் குளிரவைக்கத் தனி இயந்திரம் வாங்கினார். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் காற்றுக் குழாய் நிற்காதிருக்க பாட்டரி வைத்திருக்கிறார். காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிடுகிறவர் அல்ல. இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவது கொடுமைக்காரர் ஒருவரின் கதை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

அந்தத் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள். அவற்றோடு, உள்ளங்கை அளவில், வெளிறிய உடம்பில் சிவப்பு முண்டுகள் வரிசை வரிசையாகப் புடைத்த ஒரு நட்சத்திர மீன். நம்முடைய மன்னார் வளைகுடாவிலும் உள்ள ஜாதிதான். தொட்டிக்கு அழகே அதனால்தான்.

"இது என்ன சாப்பிடுகிறது?" என்று கேட்டேன்.

"இது ஒன்றும் சாப்பிடுவதாகத் தெரியவில்லை, சார். மீனுக்குப் போடுகிற தூளில் மிச்சம் மீதி இருந்தால் எடுத்துக்கொள்ளுமாம். கடைக்காரர் அப்படித்தான் சொன்னார். நாலு மாதமாக இருக்கிறது. ஒரு தொந்தரவும் கிடையாது" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியம் என் மனத்தில் தைத்துக்கொண்டது. ஓர் உயிரைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக நல்ல வார்த்தை அதுதானா? அன்றிரவே நட்சத்திர மீனைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

பெயரில் மீன் இருக்கிறதே தவிர அது மீன் அல்ல. முதுகெலும்பு இல்லை. ரத்தம் இல்லை. மூளை என்று தனியாக ஒன்று இல்லை; வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையமும், அதிலிருந்து கைக்கு ஒன்றாகப் பிரியும் நரம்புகளும்தான். முதுகில் சல்லடை போன்ற ஒரு சிறு தட்டு இருக்கிறது. அதன் வழியாகக் கடல்நீர் உள்ளே போய்க் கைகளில் ஓடும் குழாய்களில் நிறைகிறது. அடிப்புறத்தில் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள். அந்த நீரின் அழுத்தத்தால் அவை நீளும், சுருங்கும், பற்றும், நகரும். கடல் அதற்கு வெளியே இருப்பது போலவே உள்ளேயும் இருக்கிறது. வெளியே உப்பின் அளவு சற்று மாறினாலும் உள்ளே அதைச் சமாளிக்கும் வசதி அதற்கு இல்லை. அதனால்தான் புதிய தொட்டிக்குக் கொண்டுவரும்போது அந்தத் தொட்டியின் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் சேர்த்துப் பழக்க வேண்டியிருக்கிறது. இதை என் சிநேகிதர் குறையில்லாமல் செய்திருந்தார்.

அது சாப்பிடும் விதம் இன்னும் விசித்திரம். வாய் அடிப்புறத்தில், நடுவில் இருக்கிறது. இரையின் மேல் கவிந்துகொண்டு, வயிற்றையே வாய்வழியாக வெளியே தள்ளி, இரையை வெளியிலேயே ஜீரணித்துவிட்டு வயிற்றை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மூடிக்கிடக்கும் மட்டியை இருபுறமும் பற்றி இழுத்துத் திறந்துவிடும் ஜாதிகளும் உண்டு. ஆக, தவம் செய்வதுபோல் அசையாமல் கிடக்கிற இந்தப் பிராணி சரியான மாமிசபட்சிணி!

கடலில் அதற்கு ஒரு பதவியும் இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் 1963 முதல் ராபர்ட் பெயின் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். ஒரு பகுதியிலிருந்த நட்சத்திர மீன்களையெல்லாம் கடப்பாரையால் பெயர்த்துக் கடலில் எறிந்துகொண்டே இருந்தார். அவற்றுக்கு இரையான மட்டிகள் தடுப்பார் இல்லாமல் பெருகிப் பாறை முழுவதையும் பிடித்துக்கொண்டன. அங்கே பதினைந்தாக இருந்த உயிரின வகைகள் எட்டாகக் குறைந்தன. வளைவின் உச்சியிலுள்ள கல்லை உருவினால் வளைவே சரிவது போலத்தான் இதுவும் என்று அவர் பின்னால் எழுதினார். நமக்கு அலங்காரப் பொருளாகத் தெரிவது, அங்கே காவல்காரனாக இருந்திருக்கிறது.

இப்போது அந்த நாலு மாதத்துக்கு வருகிறேன். நட்சத்திர மீன் தன் கைகளுக்குள் உள்ள ஜீரணச் சுரப்பிகளில் ஆகாரத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. உணவு கிடைக்காதபோது முதலில் அந்தச் சேமிப்பைச் சாப்பிடுகிறது. பிறகு தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறது. இப்படியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கத்தாது. மெலிந்த முகம் காட்டாது. காட்ட முகம் இல்லை. மேல்தோல் கடினமாக இருப்பதனால் உள்ளே வற்றிப்போவதும் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் முதுகில் வெள்ளையாக ஒரு திட்டு விழும். ஒரு கை தளரும். இரண்டொரு நாளில் உடம்பே கரைந்து தொட்டி முழுவதையும் நாறடித்துவிடும். வைத்திருந்தவர், "நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று என்னவோ வியாதி" என்பார். திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து நடந்துகொண்டிருந்தது அன்று முடிந்தது, அவ்வளவுதான். மணலைக் கிளறித் தின்னும் ஜாதி ஒன்றைத் தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அது மணலிலுள்ள சின்ன உயிர்களையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, பிறகு சுத்தமான மணலின்மேல் பட்டினி கிடந்து சாகிறது. சுத்தம் செய்ய வந்தவனுக்குச் சம்பளம் கொடுக்க மறந்த கதை.

மறுநாள் இதையெல்லாம் சிநேகிதரிடம் சொன்னேன். அவர் படித்தவர், யோசிக்கிறவர். உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"மூளையே இல்லை என்கிறீர்கள். அப்புறம் பசி என்று அதற்கு என்ன தெரியும்?" என்றார்.

நியாயமான கேள்வி. நம் தொல்காப்பியம் உயிர்களை அறிவின் படி அடுக்கிவைத்திருக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு மாத்திரம்; அது ஓரறிவு. சங்கு, சிப்பி வகைக்குச் சுவையும் சேர்ந்து ஈரறிவு. எறும்புக்கு மூக்கும் சேர்ந்து மூன்று. நண்டுக்குக் கண்ணும் சேர்ந்து நான்கு. இந்த ஏணியில் நட்சத்திர மீனை எந்தப் படியில் உட்காரவைப்பது? தொட்டால் தெரிகிறது. தண்ணீரில் கரைந்துவரும் இரையின் வாசனை தெரிகிறது. ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு சின்னக் கண் இருக்கிறது. நீல நட்சத்திர மீன் ஒன்றை அதன் பவளப்பாறையிலிருந்து சற்றுத் தள்ளி மணலில் விட்டால் பாறையை நோக்கியே திரும்பி நடக்கிறதென்றும், கண் நீக்கப்பட்டவை திசை தெரியாமல் அலைகின்றன என்றும் 2014இல் கண்டறிந்து எழுதினார்கள். தன் வீடு எது என்று பார்த்துத் திரும்ப அதற்கு மூளை தேவைப்படவில்லை. 2023இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆராய்ச்சி இன்னும் வேடிக்கையானது. மற்றப் பிராணிகளில் தலையை உண்டாக்கும் மரபணுக்கள் நட்சத்திர மீனின் உடம்பெங்கும் வேலை செய்கின்றனவாம். முண்டத்துக்குரியவை மேல்தோலில் காணவே இல்லையாம். தலையே இல்லாதது என்று நாம் நினைத்த பிராணி, கிட்டத்தட்ட முழுவதும் தலையாக இருக்கிறது!

இதனாலெல்லாம் அது துன்பத்தை உணர்கிறது என்று நிரூபணம் ஆகிவிடாது. பிரிட்டனில் 2022இல் பிராணிகளின் உணர்வு பற்றி ஒரு சட்டம் செய்தபோது, முதுகெலும்பில்லாதவற்றில் நண்டு, இறால் இனத்தையும் கணவாய் இனத்தையும் சேர்த்தார்கள். நட்சத்திர மீனைச் சேர்க்கவில்லை. அதுவரைதான் அவர்களுக்குச் சான்று கிடைத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். நட்சத்திர மீன் பசியை உணர்கிறதா என்பதுதான் சந்தேகம். அது குறைந்துகொண்டே வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. இரையைத் தேடவும் மோப்பம் பிடிக்கவும் பற்றவும் என்றே அமைந்த உடம்பு அது. தேட இடமில்லாத தொட்டியில் வைத்தவர் நாம். அது உணர்கிறதா என்ற வழக்குத் தீரட்டும், பிறகு சோறு போடுகிறேன் என்று நாம் சொல்ல முடியாது. சந்தேகத்தின் பலனைக் குற்றவாளிக்குத் தருவது கோர்ட்டு தர்மம். இங்கே சந்தேகத்தின் பலன் யாருக்குப் போகவேண்டும்? அடைத்துவைத்தவருக்கா, அடைபட்டதற்கா?

"கடலில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? வலையில் எத்தனை மாட்டிச் சாகின்றன? ராமேசுவரத்தில் காயவைத்து அலங்காரத்துக்கு விற்கிறார்களே. அதைவிட என் தொட்டி தேவலை அல்லவா?" என்று அடுத்தபடி கேட்டார்.

அதுவும் உண்மைதான். மனிதன் பிற உயிர்களைத் தொடாமல் வாழ்ந்ததே இல்லை. கிண்டியிலேயே 1899இல் தொடங்கிய கிங் நிலையத்தில் பெரியம்மைத் தடுப்புக்கான அம்மைப்பாலைக் கன்றுகளின் உடம்பில்தான் வளர்த்து எடுத்தார்கள். எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன. கன்றுகள் பட்ட பாடு இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் எதற்காக என்று கேட்டால் பதில் இருந்தது. மீனவரும் வயிற்றுப்பாட்டுக்கு வலை வீசுகிறார். தாம் வலையில் எடுத்ததை நேசிப்பதாக அவர் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டில் வளர்ப்பவர் நிலைமை வேறு. அவர் அந்த உயிரைக் கடலிடமிருந்து எடுத்துக்கொண்டு, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏற்றுக்கொண்டவர். உப்பு, சூடு, காற்று, இரை என்று கடல் கணக்குப் பாராமல் கொடுத்ததையெல்லாம் இனி அவர் கணக்குப் பார்த்துக் கொடுக்கவேண்டும். மூன்றைக் கொடுத்துவிட்டு நாலாவதை மறந்தால், மற்ற மூன்றும் பட்டினியின் நாட்களை நீட்டத்தான் உதவும்.

இந்த ஆசை சென்னைக்குப் புதிதும் அல்ல. 1909இல் மெரீனாவில், எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், மீன்காட்சிசாலை திறந்தார்கள். இந்தியாவிலேயே அது முதலாவது என்பார்கள். இரண்டாம் உலகப்போர் அதை மூடவைத்தது. ஆனால் அது கடற்கரையிலேயே இருந்தது. பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். இன்று கடலைக் கடையில் பெட்டியாக வாங்க முடிகிறது. வசதி எளிதாகிவிட்டது, கவனம் எளிதாகவில்லை.

சிநேகிதர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, இரை போடவேண்டும் என்றால் என்ன போடுவது?" என்றார்.

"இறால் துண்டு, மட்டிச் சதை" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்கினதில்லையே, சார்!"

உண்மையான தர்மசங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சைவ வீட்டுக் கூடத்தில் ஒரு மாமிசபட்சிணியை அடைத்துவைத்தாயிற்று. அதைப் பட்டினி போட்டால் அந்த உயிர் போகிறது. காப்பாற்றினால் வேறு உயிர்கள் போகின்றன. "பெசன்ட் நகர் அலையில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேனே" என்றார். அது விடுதலை ஆகாது. கடற்புல்லும் பவளப்பாறையும் உள்ள அமைதியான ஆழமற்ற கடலில் வாழும் ஜாதி அது. நம் ஊர் அலை அதைப் புரட்டி மணலில் எறிந்துவிடும். தொட்டியில் இருந்தது நோய் எதையும் சுமந்துகொண்டு கடலுக்குப் போகக்கூடாது என்ற பயமும் உண்டு. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளைச் சுற்றி 1986இலேயே தேசியப் பூங்கா அமைத்துக் காப்பதன் அர்த்தம், அவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்பதுதான். எடுத்துவந்துவிட்ட பிறகு, நல்ல வழி என்று ஒன்று மீதமிருப்பதில்லை. கெடுதல் குறைந்த வழிதான் மீதி.

"இத்தனை நாள் மீனுக்குப் போட்டுவந்த தூளும் பெரும்பாலும் மீன் அரைத்த தூள்தான்" என்றேன். அதை அவர் டப்பாவின் முதுகில் படித்துப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன்கடைப் பக்கம் போனார். நூறு கிராம் இறால் வாங்கினார். தொட்டியைச் சுத்தம் செய்யும் இடுக்கியால் ஒரு துண்டைப் பிடித்து நட்சத்திர மீனின் ஒரு கையருகில் வைத்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தக் கையின் நுனி மெல்ல உயர்ந்தது, குழாய்க்கால்கள் நீண்டன. நாலு மாதமாகப் படம்போல் கிடந்த பிராணி நகர்ந்து வந்து, துண்டின்மேல் ஏறி, நடுவில் குடைபோல் குவிந்துகொண்டது. எனக்குப் போன் செய்தார். "சார், சாப்பிடுகிறது. இரண்டு மணி நேரம் ஆயிற்று, சார். இன்னும் இறங்கவில்லை" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. சந்தோஷம் மட்டும் இருந்தது என்று சொல்லமாட்டேன். இது இருக்கிறவரையில் போடுவதாகவும், இதற்குப் பிறகு இன்னொன்று வாங்குவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறார். அவரால் ஆகக்கூடிய நியாயம் அது என்றே நினைக்கிறேன்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் நம் இரக்கத்தைவிட முன்னால் போயிருக்கிறது என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். கிண்டிக்கு அருகே, அடையாற்றில், கலாக்ஷேத்திரத்தை வளர்த்த ருக்மிணி தேவி 1952இல் ராஜ்யசபைக்கு நியமனம் பெற்றார். பிராணிவதைத் தடை மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி கூறியதன்பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவர். 2018 வரை அதன் தலைமையகம் சென்னையிலேயே இருந்தது. அந்தச் சட்டத்தில் பிராணி என்பதற்குச் சொல்லியிருக்கும் பொருள், மனிதர் நீங்கலாக எந்த உயிர்ப்பிராணியும் என்பது. முதுகெலும்பு உண்டா, மூளை உண்டா, அழுமா என்ற கேள்வி இல்லை. தம் பொறுப்பிலுள்ள பிராணிக்குப் போதிய உணவு கொடுக்காமல் இருப்பதையும் அது குற்றம் என்கிறது. நட்சத்திர மீனுக்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை. ஆனால் சட்டம் எழுதியவர்கள் கதவைச் சாத்திவிடவில்லை.

நம் பழங்கதைகளிலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் மணி கட்டிவைத்தான். கன்றை இழந்த பசு வந்து அடித்தது, நீதி கிடைத்தது. மகத்தான நீதிதான். ஆனால் மணியை அடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த நீதி. பாரி கதை வேறு. கொழுகொம்பில்லாத முல்லைக்கொடி எந்த மணியையும் அடிக்கவில்லை. அவனே பார்த்தான், தேரை நிறுத்தி இறங்கினான். கொடி உணருமா என்று அவன் விசாரித்ததாகக் கதையில் இல்லை. இதைப் பைத்தியக்காரத்தனமான கொடை என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு இப்போது அதில் கொடையைவிடக் கவனம்தான் பெரிதாகத் தெரிகிறது. வள்ளலார் இன்னும் ஒருபடி போனார். பயிர் வாடுவதைக் கண்டு தாமும் வாடிய அவர், ஜீவகாருண்யத்துக்கெல்லாம் முதலாகப் பசியைத்தான் வைத்தார். 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். உயிருக்கு வரும் துன்பங்களில் பசி ஒன்றுதான் ஒருநாளும் விடாமல் திரும்பித் திரும்பி வருவது. யாரும் நினைவூட்டாவிட்டாலும் வரும். அதனால்தான் அதை நினைவில் வைத்திருக்கும் வேலை இன்னொருவருடையதாகிறது.

சிநேகிதரின் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"நாங்களும் நாலு மாதமாகத் தினம் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்? என் மாமியாரும் இப்படித்தான். எல்லாருக்கும் போட்டுவிட்டு, இருந்தால் சாப்பிடுவார். இல்லாவிட்டால் பேசாமல் படுத்துவிடுவார். கடைசிவரையில் இது வேண்டும் என்று ஒருநாள் கேட்டதில்லை. 'அத்தையால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை' என்று நானும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்."

சிநேகிதர் தொட்டியைப் பார்த்தபடி இருந்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நம் வீடுகளில் இந்த வாக்கியம் எத்தனை பேரைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். திண்ணை ஓரத்து நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கும் கிழவர். கடைசியாகச் சாப்பிட உட்காரும் மருமகள். அதட்டினாலும் சிரிக்கிற வேலைக்காரப் பெண். வகுப்பில் கையைத் தூக்காத பையன். அவர்களுக்கு முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, மூளையும் இருக்கிறது. கேட்கும் பழக்கம் மட்டும் இல்லை. அடம்பிடிக்கிற குழந்தைக்கு எப்படியும் சோறு கிடைத்துவிடுகிறது. அடங்கிக் கிடப்பதை நாம் நல்ல குணம் என்று மெச்சுகிறோம்; மெச்சியதோடு கடமை தீர்ந்தது என்று திரும்பிக்கொள்கிறோம்.

நட்சத்திர மீனையும் மனிதரையும் ஒரே தராசில் நிறுக்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பார்க்கிற கண் ஒன்றுதான். கேட்காத ஒன்றின் பசியைத் தானாகவே நினைத்துப்பார்க்கும் பழக்கம் ஓரிடத்தில் வந்துவிட்டால் மற்ற இடத்துக்கும் வரும். அது வராதவர்கள் கடலைக் கடலிலேயே விட்டுவைப்பது நல்லது. அது வந்தவர்கள் இன்னொரு காரியமும் செய்யலாம். 'ஒரு தொந்தரவும் இல்லை' என்ற நற்சான்றை யாருக்காவது கொடுப்பதற்கு முன், அவர்கள் சாப்பிட்டார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.